எண்ணுக்கும் ஜமீனா?

தோழா!

கதவிலக்கம் இல்லாத வீட்டுக்குக் கடிதம் எப்படி வரும்? ஊர் இருக்கிறது, தெரு இருக்கிறது, வீடும் இருக்கிறது, வீட்டினுள்ளே விளக்கும் எரிகிறது. ஆனால் வாயிலிலே எண் இல்லை. "மேலத்தெருப் பண்ணையார் வீட்டில் கொடுத்து, இன்னாரிடம் சேர்ப்பிக்கவும்" என்று எழுதினால்தான் கடிதம் வந்துசேரும். மாலையிலே பண்ணையார் வீட்டுத் திண்ணையோரம் போய் நின்று, "எனக்கேதும் வந்ததா ஐயா?" என்று கேட்டு வாங்கிவரவேண்டும். பண்ணையார் கதவை மூடிவிட்டால் உன் பெயருக்கு வந்த ஓலை அவர் வீட்டுப் பரணிலே கிடக்கவேண்டியதுதான்.

"அந்தக் காலம் மலையேறிவிட்டதே!" என்கிறாயா? மலையேறவில்லை, தோழா. உன் வீட்டுச் சுவரிலே பச்சையும் மஞ்சளுமாகக் கண்சிமிட்டிக்கொண்டிருக்கிறதே இணையப் பெட்டி, அதற்குள்ளே குடியிருக்கிறது அந்தக் காலம். ஐயமிருந்தால், அந்தப் பெட்டியோடு இணைந்திருக்கும் கைப்பேசியை எடுத்து, அதற்குரிய இணைய முகவரி எதுவென்று தேடிப்பார். 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணைக் காட்டும். உன் எண் என்று நினைத்து மகிழாதே. அதே எண் அமைந்தகரையிலும் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாமிலும் இருக்கிறது. இலட்சோபலட்சம் வீடுகளில் இருக்கிறது. வீட்டுக்குள்ளே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் செல்லப்பெயர் அது. வெளியுலகுக்கு உன்னைத் தெரியாது. வெளியுலகுக்குத் தெரிந்தது பண்ணையார் வீட்டு எண் மட்டுமே.

அரசியல் ஏட்டிலே இணையத்து இலக்கத்துக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எது பொதுவுடைமையாக இருக்கவேண்டுமோ அதைச் சிலர் மடியிலே கட்டிக்கொண்டு, பலரைக் கையேந்த வைத்தால், அது நிலமானாலும் நீரானாலும் வெறும் எண்ணானாலும் அரசியல்தான். அதைப் பொறியாளர்களின் பொறுப்பென்று விட்டுவிட்டதனால்தான் முப்பதாண்டுக் காலமாக இந்த அநீதி ஆரவாரமின்றி நடந்துவருகிறது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். கல்லூரியைப் பாதியிலே விட்டுவந்தவன் நான். எனக்கே விளங்கிய கணக்கு உனக்கு விளங்காமற் போகாது.

இணையத்திலே இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண் எப்படி அமையவேண்டும் என்று வகுத்த விதிக்கு இணைய நெறிமுறை என்று பெயர். இன்றும் உலகில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நெறிமுறை அதன் நான்காம் பதிப்பு. 1981 செப்டம்பரில் ஏட்டில் ஏறியது. சுழியமும் ஒன்றுமாக 32 இடங்கள் கொண்ட எண். 32 இடங்களிலே எத்தனை எண்களை எழுதலாம்? 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. அதற்குமேல் ஒன்றுகூட எழுத இயலாது.

இந்த 32 என்ற அளவை 1977 வாக்கில் முடிவு செய்தவர்களில் தலையானவர் வின்ட் செர்ப். அவரைக் குறைகூற மாட்டேன். அன்று வலையிலே இருந்தவை மிகச் சில கணினிகள். ஆய்வுக்கூடத்துச் சோதனைக்கு நானூறு கோடி எண்கள் போதாவோ? "சோதனை என்று நினைத்துத்தான் தொடங்கினோம், சோதனை முடியவேயில்லை" என்ற பொருள்பட அவரே பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். தொட்டில் செய்த தச்சன்மீது என்ன குற்றம்? பிள்ளை வளர்ந்து ஆளான பின்னும் அதே தொட்டிலிலே மடக்கிப் படுக்கவைப்பவன்மீதல்லவா குற்றம்!

பங்கீடு எப்படி நடந்தது, கேள். மொத்த எண்களையும் 256 பெரும் பண்ணைகளாக வகுத்தனர். ஒரு பண்ணைக்கு 1 கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216 எண்கள். முதலில் வந்தவர் கேட்டார், கேட்டவருக்குக் கிடைத்தது. எம்.ஐ.டி.க்கு ஒரு பண்ணை. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று எண்ணி ஏமாந்துவிடாதே, அமெரிக்காவின் மாசச்சூசெட்சில் இருப்பது! போர்டு மோட்டார் நிறுவனத்துக்கு ஒரு பண்ணை. ஆப்பிளுக்கு ஒன்று. ஐ.பி.எம்.முக்கு ஒன்று. ஆயுள் காப்பீடு செய்யும் புரூடென்ஷியல் நிறுவனத்துக்கு ஒன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கோ ஒன்றல்ல, இரண்டல்ல, பத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள்! காசு கொடுத்தா வாங்கினர்? இல்லை. ஏலமா, போட்டியா? அதுவும் இல்லை. விண்ணப்பம் எழுதினர், பட்டா வந்தது.

இந்தியா முழுமைக்கும் இன்றுள்ள பழைய எண்கள் எத்தனை தெரியுமா? ஏறத்தாழ நான்கு கோடி. நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு நான்கு கோடி! முப்பத்தைந்து பேருக்கு ஓர் எண். அமெரிக்கக் கணக்கிலே இருப்பவையோ நூற்றைம்பது கோடி அளவில். ஆளுக்கு நான்கு வைத்தாலும் மீந்துபோகும். ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் பிடியிலே இருந்தவை 1 கோடியே 67 இலட்சம், ஒரு பெருநாட்டுக்கு 4 கோடி. பந்தியிலே முதலில் உட்கார்ந்தவன் இலையிலே பத்துப் படிச் சோறு. கடைசி வரிசைக்கு இலையே இல்லை.

"இருந்துவிட்டுப் போகட்டும், பயன்படுத்தத்தானே வைத்திருக்கிறார்கள்" என்று நீ பெருந்தன்மை காட்டலாம். அந்தப் பெருந்தன்மைக்கும் இடமில்லை. 2017இல் எம்.ஐ.டி.யே கணக்கெடுத்து, தன் 1 கோடியே 67 இலட்சத்திலே 1 கோடியே 40 இலட்சம் எண்கள் பயன்படுத்தப்படாமலே கிடப்பதாக அறிவித்தது. ஒரு பெரும்பகுதியை விற்றது. வாங்கியது அமேசான். தரிசாகக் கிடந்த நிலம், தானமாக வந்த நிலம், விற்பனைக்கு வந்தது!

அதற்கு முன்பே சந்தை கூடிவிட்டது. 2011இல் திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6 இலட்சத்து 66 ஆயிரத்து 624 எண்களை மைக்ரோசாப்ட் 75 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. எண் ஒன்றுக்குப் பதினொன்றேகால் டாலர். 2019இல் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்று என்றோ ஒதுக்கப்பட்ட பண்ணையிலே கால்பங்கு, 41 இலட்சத்து 94 ஆயிரத்து 304 எண்கள், அமேசானுக்கே போயிற்று; கைமாறிய தொகை பத்துக் கோடி டாலருக்கும் மேல். (அந்தப் பணத்திலே அவர்கள் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நல்லதை மறைப்பது நம் பழக்கமல்ல.) 2021 முடிவிலே எண் ஒன்றின் விலை ஐம்பது டாலரைத் தொட்டது. பிறகு சரிந்தது. ஏன் சரிந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வாங்கிக் குவித்தவர் சும்மா இருப்பாரா? 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் தன் கணினிப் பண்ணையிலே பழைய பொது எண் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வாடகை விதித்தது. அரை சென்ட்தானே என்பாய். ஆண்டுக்கு 43 டாலர் 80 சென்ட்! புதிய எண்ணுக்கு அந்த வாடகை இல்லை என்பதையும் கவனி. கடை வைக்க வரும் சிறுவணிகன், தன் ஊர்ச் செய்தியை வலையேற்ற வரும் இளைஞன், எல்லோரும் ஆண்டுதோறும் கப்பம் கட்டவேண்டும், வெறும் ஓர் எண்ணுக்காக!

2011 பிப்ரவரி 3. அன்றுதான் மைய இருப்பிலே எஞ்சியிருந்த ஐந்து பண்ணைகளையும் உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, களஞ்சியத்தைக் கழுவிக் கவிழ்த்தனர். முதலில் பசி கண்டது எந்த வட்டாரம் என்று நினைக்கிறாய்? நாம் அடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரம்தான். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று, கடைசிப் பண்ணையைத் தவிர நமக்கென்று இருந்ததெல்லாம் தீர்ந்தது. அந்தக் கடைசிப் பண்ணையிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு, அது எத்தனை இலட்சம் இல்லங்களுக்கு இணைப்புத் தந்தாலும், 1,024 எண்கள்தான் என்று அளந்து ஊற்றினர். 2019இல் அதுவும் 512 ஆயிற்று. ஐரோப்பிய வட்டாரம் 2012இல் கஞ்சிக்கு வந்தது. வட அமெரிக்காவின் களஞ்சியமோ 2015 செப்டம்பர் வரை தாங்கியது.

எண் தீர்ந்தால் இணைப்பு நின்றிருக்க வேண்டுமே, நிற்கவில்லையே, எப்படி? இங்கேதான் தோழா, பண்ணையார் திண்ணை வருகிறது.

ஒரு பொது எண்ணுக்குள்ளே பல வீடுகளை ஒளித்துவைக்கும் தந்திரம் ஒன்றை 1994 மே மாதத்திலேயே பொறியாளர்கள் எழுதிவைத்தனர். குறுகிய காலத் தீர்வு என்று அந்த ஏட்டிலேயே சொல்லிவைத்தனர். முகவரி மாற்றும் வாயிற்காப்போன் என்று அதை அழைக்கலாம். முதலில் ஒரு வீட்டுக்கு ஒரு வாயிற்காப்போன். பிறகு எண் பஞ்சம் முற்றியதும், இணைப்புத் தரும் நிறுவனமே பல வீடுகளை ஒன்றாக்கி, அத்தனைக்கும் ஒரே காப்போனைப் போட்டது. ஓர் எண்ணுக்கு உள்ளே 65,536 கதவுகள். 64 வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 1,024 கதவுகள். உள்ளேயிருந்து நீ கேட்டால், காப்போன் குறித்துக்கொண்டு, வெளியே போய் வாங்கிவந்து தருவான். வெளியேயிருந்து ஒருவன் உன்னைத் தேடிவந்தால்? "யாரைத் தேடுகிறாய்? இங்கே அப்படி யாருமில்லை!" என்று திருப்பியனுப்பிவிடுவான்.

கேட்கலாம், ஆனால் அழைக்கப்படக்கூடாது. வாங்கலாம், கடை வைக்கக்கூடாது. நாடகம் பார்க்கலாம், மேடையேறக்கூடாது! இதைவிட நயமாக மக்களை வெறும் வாடிக்கையாளராக வைத்திருக்கும் வழி வேறு உண்டோ?

என் அனுபவத்தையே சொல்கிறேன். எங்கள் நாடகக் குழுவிலே விளக்கு அமைக்கும் தம்பி ஒருவன், கணினியிலே கெட்டிக்காரன். பத்தாண்டுக் காலமாக நாங்கள் நடித்த நாடகங்களின் ஒலிப்பதிவுகளையெல்லாம் தன் வீட்டிலே ஒரு சிறு கணினியிலே சேர்த்துவைத்தான். வெளியூர்த் தோழர்கள் தங்கள் ஊரிலிருந்தபடியே அதைத் திறந்து கேட்கட்டும் என்பது அவன் ஆசை. யாருக்கும் வாடகை கொடுக்கவேண்டாம், யாருடைய விளம்பரமும் நடுவிலே வரவேண்டாம். இரண்டு இரவு கண்விழித்து எல்லாம் அமைத்தான். வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியவில்லை. இணைப்பு நிறுவனத்தைக் கேட்டான். "உங்களுடையது பகிர்ந்த முகவரி. நிலையான முகவரி வேண்டுமானால் மாதந்தோறும் தனிக் கட்டணம்" என்றனர். "புதிய நெறிமுறை எண் கொடுங்களேன், அது இலவசமாயிற்றே!" என்றான். "உங்கள் பகுதியில் இன்னும் வரவில்லை" என்றனர். எப்போது வரும்? அதற்கு விடையில்லை. அந்தக் கணினி அவன் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது.

ஒலிப்பதிவாவது போகட்டும். பழிபாவம் வந்தால்? உன்னோடு அதே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும், உன் கண் காணாத, பெயரறியாத ஒருவன் எங்கோ திருட்டுத்தனம் செய்கிறான். ஒரு தளம் அந்த எண்ணைத் தடைசெய்கிறது. அவனோடு சேர்ந்து நீயும், உன் தெருவும் தடைபடுகிறீர்கள். "நீ மனிதன்தானா? போக்குவரத்து விளக்குகளைத் தொட்டுக் காட்டு" என்று ஓயாமல் கேட்டுத் தொல்லை தருகிறதே சில தளங்கள், அதற்கும் இந்தக் கூட்டுக் குடித்தனம் ஒரு காரணம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஐரோப்பியக் காவல் கூட்டமைப்பாகிய யூரோபோல் 2017 அக்டோபரில், இந்தப் பகிர்ந்த முகவரி முறையால் குற்றவாளியைக் கண்டுபிடிக்கவும் இயலவில்லை, குற்றமற்றவர்கள் விசாரணைக்குள் இழுக்கப்படவும் நேரிடுகிறது என்று சொல்லி, முறையையே கைவிடுங்கள் என்று கேட்டது.

மருந்தே இல்லாத நோயென்றால் பொறுத்துக்கொள்ளலாம். மருந்து கண்டுபிடித்து முப்பதாண்டு ஆயிற்றே, தோழா! 1995 டிசம்பரில் புதிய நெறிமுறை ஏட்டிலே ஏறிவிட்டது. 1998இல் திருத்தம் பெற்றது. 2017 ஜூலையில் முழுத் தரம் என்று முத்திரையும் பெற்றது. ஆறாம் பதிப்பு என்று பெயர். நான்குக்கும் ஆறுக்கும் நடுவே ஐந்து எங்கே போயிற்று என்று கேட்பாய். ஒலி ஒளி அனுப்பும் வேறொரு சோதனைக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிட்டனர், அது கரையேறவில்லை.

ஆறாம் பதிப்பின் எண்ணுக்கு 128 இடங்கள். அதனால் கிடைக்கும் முகவரிகள் எத்தனை? 340 என்று எழுதி, அதன் பின்னே 36 சுழியங்களைப் போட்டுக்கொள். உரக்கப் படிக்க என் தொண்டை போதாது. வேறு விதமாகச் சொல்கிறேன்: புதிய முறையிலே ஒரு வீட்டுக்கு வழக்கமாகத் தரும் மிகச் சிறிய பங்கே, பழைய இணையம் முழுவதிலும் எத்தனை எண்கள் இருந்தனவோ, அத்தனை பழைய இணையங்களை உள்ளே அடக்கக்கூடியது. 429 கோடி இணையங்கள், ஒரு குடிசைக்குள்ளே! இனி பண்ணை எதற்கு, பட்டா எதற்கு, பதுக்கல் எதற்கு? கடற்கரையிலே மணலை யார் பதுக்குவார்?

பின் ஏன் மாறவில்லை? ஒரு குறையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். புதியதை வகுத்தவர்கள், பழையதோடு அது நேரே பேசும்படி வகுக்கவில்லை. பழைய எண் மட்டும் தெரிந்த கணினியும் புதிய எண் மட்டும் தெரிந்த கணினியும் எதிரெதிரே நின்றாலும் ஊமைகள்தாம். நம் ஊர் மீட்டர் கேஜ் பாதையும் அகலப் பாதையும் போல என்று வைத்துக்கொள். ஒன்றின் வண்டி மற்றொன்றிலே ஏறாது. சந்திப்பு நிலையத்திலே ஒரு வண்டியிலிருந்து மூட்டையை இறக்கி மற்றொன்றிலே ஏற்ற ஆள் வேண்டும். இணையத்திலே அந்தச் சுமைதூக்கும் வேலையைச் செய்ய மொழிபெயர்ப்புப் பொறிகள் இருக்கின்றன. அல்லது மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போட்டு இருவகை வண்டியையும் ஒரே பாதையில் விடலாம். இணையத்திலும் அப்படி இரு நெறிகளையும் ஒருங்கே ஓட்டுகிறார்கள். எதுவானாலும் செலவு இரட்டிப்பு. ஆனால் ரயில்வேயிலே, "மீட்டர் கேஜ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்று உட்கார்ந்துவிட்டார்களா? 1992இல் ஒரே அளவுப் பாதை என்று அறிவித்தார்கள். கடற்கரை–தாம்பரம் மின்வண்டிகூட 2004இல் மீட்டர் கேஜுக்கு விடை கொடுத்தது. பழைய பாதையை எடுக்கும்வரை செலவு இரண்டு, எடுத்தபிறகுதான் ஒன்று. பழைய இணைய நெறியைச் சுமந்துகொண்டே இருப்பதுதான் சிக்கனம் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப்பார்க்கட்டும்.

"எண் மறைந்திருப்பது பாதுகாப்பல்லவா? திருடன் வரமாட்டானே!" என்கிறார்கள் சிலர். திருடனைத் தடுப்பது பூட்டு, கதவிலக்கத்தை அழிப்பதல்ல. வேண்டாத விருந்தாளியை நிறுத்தும் தீயரண் என்னும் காவல், புதிய நெறியிலும் உண்டு. அதைத் திறப்பதும் மூடுவதும் உன் கையிலே இருக்கும், பண்ணையார் கையிலே அல்ல. வேறுபாடு அதுதான்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். "ஆளுக்கோர் எண் என்றால், ஆட்சியிலிருப்போரும் வணிகரும் ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து உளவு பார்ப்பது எளிதாகிவிடாதா?" நியாயமான அச்சம். தொடக்கத்திலே புதிய எண்ணின் பின்பாதியில் கருவியின் நிலையான அடையாளமே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டித்தார்கள்; 2001இலேயே அடிக்கடி மாறும் தற்காலிக எண்ணுக்கு வழி வகுத்தார்கள்; இன்று கைப்பேசிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆயினும் முன்பாதி உன் வீட்டைக் காட்டும். அதை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் குறித்துவைக்கலாம் என்பதற்குச் சட்டத்தின் கடிவாளம் வேண்டும். அதற்காகவும் போராடுவோம். உளவுக்கு அஞ்சி முகவரியே வேண்டாம் என்பது, வாக்குச்சாவடியிலே ஆள்மாறாட்டம் நடக்கிறதே என்று வாக்குரிமையையே விட்டுக்கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம்மைப்போல் எண் பஞ்சத்தில் அடிபட்ட நாடு முந்திக்கொண்டு மாறியிருக்கவேண்டுமல்லவா? மாற்றத்துக்கான முதல் திட்ட ஏட்டை மத்திய தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டது 2010 ஜூலையில். 2012 மார்ச்சுக்குள் மத்திய, மாநில அரசுத் துறைகள் புதிய நெறியைப் பயன்படுத்தத் தொடங்கவேண்டும் என்றது அந்த ஏடு. 2013 மார்ச்சில் இரண்டாம் ஏடு வந்தது. அரசு நிறுவனங்கள் 2017 டிசம்பருக்குள் முழுமையாக மாறவேண்டும் என்றது. 2021 நவம்பரில் மற்றோர் ஆணை. 2022 ஜூன் 30க்குள் மாறவேண்டும் என்றது. கம்பிவழி இணைப்புத் தருவோர், 2022 டிசம்பர் 31க்குப் பின் தரும் புதிய இணைப்பெல்லாம் புதிய எண்ணோடு இருக்கவேண்டும் என்றும் சொன்னது. ஆணைகளுக்கா பஞ்சம்!

ஓர் அலுவலகக் காட்சியை நினைத்துப்பார். நாடகக்காரனுக்கு இது இயல்பு, பொறுத்துக்கொள்.

எழுத்தர்: ஐயா, புதிய முகவரிக்கு மாறவேண்டுமென்று மேலிடத்து ஆணை வந்திருக்கிறது.

அதிகாரி: கெடு எப்போது?

எழுத்தர்: நேற்று, ஐயா.

அதிகாரி: அப்படியானால் அவசரமில்லை. கெடு முடிந்த ஆணை. இனி புதிய ஆணை வரும். இதைப் பழைய கோப்போடு சேர்த்துவை.

எழுத்தர்: பழைய கோப்பிலே இடமில்லை, ஐயா. முகவரியைப்போல அதுவும் தீர்ந்துவிட்டது.

அதிகாரி: அதனாலென்ன? ஒரு கோப்பை நாலு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள்!

சிரிக்கிறாயா? சிரி. ஆனால் ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். இந்தத் தூக்கத்துக்கு நடுவிலே, கைப்பேசியிலே இந்தியா உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் வணிகச் சேவையைத் தொடங்கியது. புதிய நெறியோடு வந்தது. கொடை உள்ளத்தால் வந்ததென்று கொண்டாடாதே. கடைசியில் வந்தவனுக்குப் பழைய எண் எங்கே கிடைக்கும்? இல்லாமை வழிகாட்டியது. விரல்விட்டு எண்ணும் விழுக்காட்டிலே கிடந்த நாடு, சில ஆண்டுகளிலே இணையம் பயன்படுத்துவோரில் பத்துக்கு ஏழு பேர் என்ற அளவுக்குப் புதிய நெறிக்கு வந்தது. உலகச் சராசரி இன்று ஏறக்குறையப் பாதி. பழைய எண்ணின் விலை சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: கடலளவு புதிய எண் வந்தபின் குளத்துக்கு வேலி போட்டவன் எத்தனை நாள் விலை சொல்வான்?

அப்படியானால் புலம்பல் எதற்கு என்று கேட்காதே. கைப்பேசி வைத்திருப்பவன் புதிய எண்ணோடு புறப்படுகிறான். அவன் தேடிப்போகும் அரசுத் தளமோ, வங்கியோ, கல்விக்கூடமோ பழைய எண்ணிலே உட்கார்ந்திருந்தால், நடுவிலே சுமைதூக்கியை வைத்து மூட்டையை இறக்கி ஏற்றத்தானே வேண்டும்? மக்கள் மாறிவிட்டார்கள், மன்றங்கள் மாறவில்லை! குடிமகன் முன்னே போய்விட்டான், அலுவலகம் பின்னே தங்கிவிட்டது. வீட்டுக்குக் கம்பிவழி இணைப்புத் தருவோர் பலரின் நிலையும் இதுதான். எங்கள் விளக்குத் தம்பியின் தெருவே சான்று.

மாற்றம் இயலாததென்று சொல்வோருக்கு வரலாற்றைக் காட்டலாம். 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் தாயாகிய ஆர்ப்பாநெட் தன் பழைய நெறியை முற்றிலும் கைவிட்டுப் புதியதற்கு ஒரே நாளிலே மாறியது. அந்தப் புதியதுதான் இன்றைய பழையது! அன்றும் சோம்பியவர் இருந்தனர். என்ன செய்தனர் தெரியுமா? 1982 நடுவிலே ஒருநாள் முழுக்கப் பழைய நெறியை நிறுத்திவைத்தனர். மாறாதவர்களின் கணினிகள் ஊமையாயின, உறைத்தது. சில மாதம் கழித்து இரண்டு நாள் நிறுத்தினர், இன்னும் உறைத்தது. மாறி முடித்தபின், "மாற்றத்திலே பிழைத்துவந்தவன்" என்ற பொருளில் சட்டையிலே சின்னம் குத்திக்கொண்டு திரிந்தனராம் பொறியாளர்கள். சில நூறு கணினிகள் இருந்த நாள் அது. இன்று உலகம் முழுவதையும் ஒரே நாளிலே நிறுத்த இயலாது, ஒப்புக்கொள்கிறேன். ஓர் அலுவலகத்தை ஒருநாள் நிறுத்திப்பார்க்க இயலாதா?

செக் நாடு இயலும் என்கிறது. ஒரு கோடியை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட அந்நாட்டின் அரசு, 2024 ஜனவரியில் ஒரு தேதியைக் குறித்தது: 2032 ஜூன் 6. அன்றோடு அரசின் சேவைகள் பழைய நெறியிலே கிடைக்கமாட்டா. தொடங்கும் தேதியை எல்லோரும் அறிவிப்பர். மூடும் தேதியை அறிவிக்கத்தான் துணிவு வேண்டும். தொடங்கும் தேதியைத் தள்ளிப்போடலாம், எவனுக்கும் இழப்பில்லை. மூடும் தேதி வந்தால் மாறாதவனுக்குத்தான் இழப்பு. அமெரிக்க அரசும் 2020 நவம்பரில், தன் வலைகளிலுள்ள கருவிகளில் எண்பது விழுக்காடு 2025 நிதியாண்டு முடிவுக்குள் புதிய நெறியில் மட்டுமே இயங்கவேண்டும் என்று ஆணையிட்டது. சீனா 2017 நவம்பரிலேயே ஆளும் கட்சியின் மையக்குழு அலுவலகமும் அரசவை அலுவலகமும் சேர்ந்து கையெழுத்திட்ட செயல்திட்டத்தோடு இறங்கியது. பண்ணைகள் வைத்திருப்பவனும் மாறுகிறான். முப்பத்தைந்து பேருக்கு ஓர் எண் வைத்திருக்கும் நாம் கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பதா?

ஆகவே நாம் கேட்பது இது. புதிய திட்ட ஏடு வேண்டாம், ஏடு போதும். அரசு அலுவலகங்களுக்கும் அரசுத் தளங்களுக்கும் பழைய நெறி மூடப்படும் நாள் எதுவென்று அறிவிக்கவேண்டும். அதற்கு முன்னே ஆண்டுக்கு ஒருநாளாவது பழையதை நிறுத்திப்பார்த்து, எந்த அலுவலகம் ஊமையாயிற்று என்ற பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். கம்பிவழி இணைப்புக்கு 2022இல் இட்ட ஆணையை எந்த நிறுவனம் நிறைவேற்றியது, எது ஏய்த்தது என்று வட்டம் வட்டமாகக் கணக்குச் சொல்லவேண்டும். வீட்டுக்கு வரும் புதிய எண், உள்ளேயிருந்து கேட்க மட்டுமல்ல, வெளியேயிருந்து அழைக்கப்படவும் பயன்படுவதாக இருக்கவேண்டும்.

உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன், தோழா. நாளை திங்கட்கிழமை, உன் வீட்டுக்கோ உன் படிப்பகத்துக்கோ இணைப்புத் தரும் நிறுவனத்தைக் கூப்பிடு. "என் இணைப்பிலே ஆறாம் பதிப்பு எண் உண்டா? இல்லையென்றால் எந்தத் தேதியில் வரும்?" என்று கேள். வாய்ப்பேச்சாகப் பதில் சொன்னால் ஏற்காதே, எழுத்திலே வாங்கு. வாங்கியதை வட்டச் செயலாளரிடம் கொடு. ஒரு தெருவிலே ஒருவன் கேட்டால், "உங்கள் பகுதியில் இன்னும் வரவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். நூறு பேர் கேட்ட தெருவுக்கு அந்தப் பதில் செல்லாது.

விளக்குத் தம்பி போன வாரமே எழுதிக் கேட்டுவிட்டான். ஏழு வேலை நாளில் பதில் வருமென்று ஒரு வரி வந்திருக்கிறது. செக் நாடு குறித்த அந்த ஜூன் 6ஐ நாட்காட்டிக் கணக்கிலே பார்த்தேன். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் தம்பிக்கு அதற்கு முன்னே பதில் வந்தால் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.